கட்டிலுக்குக் கீழே ஒரு பாய்

தம்பிக்கு நாலு வயசாக இருந்தபோது விடாத காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரியில் இரண்டு தடவை மருந்து எடுத்தும் குறையவில்லை. கடைசியில் டவுனில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். ஆறு நாள். எனக்கு அப்போது பதினொரு வயசு. அம்மா அவனோடு சிறுவர் வாட்டிலேயே தங்கினார். பகலில் கட்டில் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, ராத்திரியில் கட்டிலுக்குக் கீழே ஒரு பாய். அப்பாவுக்கு உள்ளே இடமில்லை. பார்வையாளர் நேரத்தில் மட்டும் அவரும் நானும் போய் வருவோம்.

நாலாம் நாள் ஒரு பிரச்சினை. அன்று காலையில் தம்பிக்கு ஒரு ஸ்கேன் எடுக்க இருந்தார்கள், அதுவரை வெறும் வயிற்றோடு வைத்திருக்க வேண்டும். மிஸ்ஸி அதை முதல் நாள் ராத்திரியே சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். அம்மாவும் "ஹரி மிஸ்ஸி" என்று தலையாட்டியிருக்கிறார். அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும், வாட்டுக்குப் போதாது. விடியற்காலை தம்பி பசியில் அழ, பிளேன்டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக் கொடுத்துவிட்டார். ஸ்கேன் ஒரு நாள் தள்ளிப்போனது. வாட்டே பார்க்க அம்மாவுக்கு ஏச்சு. பின்னேரம் நாங்கள் போனபோது அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அவங்க என்னா சொன்னாங்கன்னு நீ போயி கேட்டுட்டு வாடா." ஆறாம் வகுப்புச் சிங்களத்தோடு நான் மிஸ்ஸியின் மேசைக்குப் போனேன்.

தம்பி சுகமாகி வந்துவிட்டான். அடுத்த வருஷம் ஓ.எல். எழுதப் போகிறான், ஆள் என்னை விட உயரம். ஆகவே இது சோகக் கதை இல்லை. ஆனால் இந்த வருஷம் ஆஸ்பத்திரிகளின் வரலாறு பற்றி வாசிக்கத் தொடங்கியபோது அந்தப் பாய் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. காரணம், நான் எதிர்பார்க்காத ஒன்றை வாசித்தேன். பிள்ளை பக்கத்தில் படுக்க அம்மாவுக்குக் கிடைத்த அந்தப் பாய்க்காக, எழுபது வருஷத்துக்கு முந்தி லண்டனில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

லண்டனில் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் ஆஸ்பத்திரி 1852 பெப்ரவரியில் 10 கட்டில்களோடு திறக்கப்பட்டது. அந்த நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க சிறுவர் ஆஸ்பத்திரிகள் வந்தன. அவை வளர வளர ஒரு விதி இறுகிப்போனது: பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று தொற்று. அன்டிபயோட்டிக் இல்லாத காலத்தில் தொண்டைக்கரப்பனும் சின்னம்மையும் ஒரு வாட்டையே காலி செய்யக்கூடியவை, அதனால் அந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. மற்றது அழுகை. அம்மா வந்து போனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் இரண்டு நாளில் அமைதியாகிவிடுகிறது, ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்றார்கள்.

1949இல் லண்டன் ஆஸ்பத்திரிகளின் பார்வையாளர் நேரங்களை ஒருவர் திரட்டி வெளியிட்டார். கைஸ் ஆஸ்பத்திரியில் ஞாயிறு மட்டும், பின்னேரம் 2 முதல் 4 வரை. செயின்ட் தோமஸில் முதல் ஒரு மாதம் பிள்ளையைப் பார்க்கவே முடியாது, ராத்திரி 7 முதல் 8 வரை பிள்ளை தூங்கும்போது மட்டும் பெற்றோர் எட்டிப் பார்க்கலாம். வெஸ்ட் லண்டனில் அதுவும் இல்லை. லண்டன் ஆஸ்பத்திரியில் மூன்று வயசுக்குக் குறைந்த பிள்ளை என்றால் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டியதுதான். இதை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வெள்ளக்காரனுக்கும் இப்புடித்தானா?" என்று சிரித்தார்.

இந்த விதியை உடைத்ததில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர் ஜேம்ஸ் ரொபர்ட்சன். டாக்டர் இல்லை. போர்க்காலத்தில் அன்னா ஃபிராய்ட் நடத்திய பிள்ளைகள் காப்பகத்தில் கொதிகலன் பார்க்கிற வேலையில் சேர்ந்தவர். அங்கே ஒவ்வொருவரும் பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பு எழுத வேண்டும் என்பது வழக்கம், கொதிகலன்காரர் உட்பட. 1948இல் அவர் ஜோன் பௌல்பியோடு டவிஸ்டொக் நிறுவனத்தில் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் தனியாக விடப்பட்ட சின்னப் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கினார். அவர் கண்டது, அமைதியான பிள்ளை சுகமான பிள்ளை இல்லை என்பது. முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்யும். பிறகு சோர்ந்துபோகும். அதற்குப் பிறகு அம்மா வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாட்டில் இருந்தவர்கள் இந்த மூன்றாம் கட்டத்தைத்தான் "பழகிட்டான்" என்று எண்ணியிருந்தார்கள்.

சொன்னால் டாக்டர்மார் நம்பவில்லை. அதனால் கையில் பிடிக்கிற ஒரு கமராவை எடுத்துக்கொண்டு, லோரா என்ற இரண்டு வயசுப் பிள்ளை தொப்புள் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்காக எட்டு நாள் வாட்டில் இருந்ததைப் படம் எடுத்தார். தனக்குப் பிடித்த காட்சியைப் பொறுக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லக்கூடாதே என்று, ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்தில் எடுத்து, சுவர்க் கடிகாரத்தையும் படத்துக்குள் வைத்தார். லோரா அதிகம் அழாத பிள்ளை. அதுதான் அந்தப் படத்தின் பலம். அழுகையை அடக்கிக்கொண்டு அந்தப் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். 1952 நவம்பரில் ரோயல் சொசைட்டி ஒஃப் மெடிசினில் படத்தைக் காட்டியபோது டாக்டர்மாரும் தாதியரும் கொதித்துப்போனார்கள், தங்கள் தொழிலையே கேவலப்படுத்துவதாக. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிலர் தங்கள் வாட்டுக்குத் திரும்பிப் போய் அதே முகத்தைத் தேடிப் பார்த்தார்கள்.

இவருக்கு முந்தியும் ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களிலேயே குழந்தைகளோடு தாய்மாரையும் அனுமதித்தார். நியூசிலாந்தில் சிசிலி பிக்கரில் என்ற பெண் சத்திரசிகிச்சை நிபுணர், பிளவுபட்ட அண்ணத்துக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளை அவர்களுடைய தாய்மாரையே பராமரிக்க வைத்தார். பல கைகள் பல குழந்தைகளைத் தூக்குவதால்தான் தொற்று பரவுகிறது, ஒரு குழந்தைக்கு ஒரு தாய் என்றால் குறையும் என்பது அவர் கண்ட கணக்கு. தொற்றுக்குப் பயந்து தாயை வெளியே வைத்தவர்களுக்கு நேர் எதிரான கணக்கு.

1959இல் பிரித்தானிய அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எந்த நேரமும் வரலாம், சின்னப் பிள்ளையின் தாய் கூடவே தங்கலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை தாளில் இருந்தது, வாட்டில் பழைய விதியே நடந்தது. 1961இல் லண்டன் பட்டர்சீ பகுதியில் சில தாய்மார் கூடி ஒரு சங்கம் அமைத்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் "பிளாட் அறிக்கை இங்கே நடைமுறையில் இருக்கிறதா?" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அதற்கும் இருபது வருஷம் மட்டில் எடுத்தது.

சரி, அதே காலத்தில் நம்ம மலையில் என்ன நடந்தது?

இங்கே தாயையும் பிள்ளையையும் பிரித்தது முதலில் ஆஸ்பத்திரி இல்லை. வேலை. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுகிறவள் கைக்குழந்தையை எங்கே விடுவாள்? லயத்தில் கிழவிகளிடம் விடுவாள், இல்லையென்றால் மலையோரத்தில் மரத்தில் சேலைத் தொட்டில் கட்டுவாள். பிறகு பிள்ளைக்காம்பரா வந்தது. ஒரு ஆயம்மா, வரிசையாகத் தொங்குகிற தொட்டில்கள். பால் கொடுக்கத் தாய் மலையிலிருந்து இறங்கி ஓடி வந்து திரும்ப ஏற வேண்டும். அம்மாயி சொல்வார், தூரத்து மலையில் கொழுந்து எடுக்கிற நாளில் மார் கட்டி வலிக்கும், ஆனால் இறங்கினால் கொழுந்து நிறை குறையும் என்று.

சட்டம் என்ன சொன்னது என்று பார்த்தால் இன்னும் விநோதம். தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி பற்றிய முதல் கட்டளைச் சட்டம் 1872இல் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தவர்கள் வழியிலும் தோட்டத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள், ஆள் குறைந்தால் கோப்பி பறிக்க ஆள் இல்லை. 1912இல் இந்தச் சட்டங்கள் திருத்தி எழுதப்பட்டன. அதில் வந்த தொழிலாளர் நோய்கள் கட்டளைச் சட்டம் தோட்டத் துரையின் கடமைகளை அடுக்குகிறது: லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பது, நோயாளிகளைப் பற்றி அறிந்து வைத்திருப்பது, மாவட்ட மருத்துவ அதிகாரி சொன்னால் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு 30 நாளைக்கு உணவும் இருப்பிடமும் கொடுத்து வேலை வாங்காமல் இருப்பது. அந்த வரிசையில் ஒன்று, ஒரு வயசுக்குக் குறைந்த குழந்தைகள் ஒழுங்கான பராமரிப்பும் ஊட்டமும் பெறுவதைப் பார்த்துக்கொள்வது.

இதை முதல் தடவை வாசித்தபோது நல்ல சட்டமாகத்தான் பட்டது. இரண்டாம் தடவை வாசித்தபோதுதான் உறைத்தது. குழந்தைக்குப் பொறுப்பு துரை. மருத்துவத்துக்குப் பொறுப்பு டிஸ்பென்சர். இவர்கள் இருவருக்கும் மேலே மாவட்ட மருத்துவ அதிகாரி. பெற்றவளிடம் யாராவது எதையாவது கேட்க வேண்டும், சொல்ல வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டில் எங்கேயும் வரவில்லை. அவள் இதில் சோறு கொடுக்கப்படுகிறவள், அவ்வளவுதான்.

தோட்டத்தில் ஆஸ்பத்திரி போகவும் துண்டு வேண்டும். டிஸ்பென்சர் ஐயா துண்டு கொடுத்தால் லொறி, துண்டு இல்லாவிட்டால் நடை. மடுல்சீமைப் பக்கமோ நமுனுகுலைப் பக்கமோ மேல் டிவிசனில் இருக்கிறவர்களுக்கு இது விளங்கும். அங்கிருந்து இறங்கி ரோட்டுக்கு வருவதே ஒரு பயணம். தொழிலாளர் ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார்கள், நோயை ஒளிக்கிறார்கள் என்று அந்தக் காலத்து டாக்டர்மாரும் துரைமாரும் அடிக்கடி குறைப்பட்டிருக்கிறார்கள். மூட நம்பிக்கை என்று முடித்துவிட்டார்கள். என் அம்மாயிக்கு வேறு விளக்கம் இருந்தது: "கொண்டு போறப்போ கேக்க மாட்டாங்க, செத்தாத்தான் சொல்லி அனுப்புவாங்க."

இதே இலங்கையில் இன்னொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. மருத்துவமாது வீட்டுக்கே போவார். கர்ப்பிணியின் பெயர் தெரியும், மாமியாரின் பெயர் தெரியும், கிணறு எங்கே இருக்கிறது என்று தெரியும். நோய் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வா என்று சொல்வதற்குப் பதிலாகக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிற முறை. இலங்கையின் தாய் சேய் சுகாதாரம் உலகம் புகழ்கிற அளவுக்கு வந்ததற்கு இந்த முறை ஒரு பெரிய காரணம். ஆனால் தோட்டத்தின் கேட் வரைக்கும்தான் அது. உள்ளே கம்பனியின் டிஸ்பென்சர், கம்பனியின் மருத்துவிச்சி. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்ம ஆட்கள் பெரும்பாலோர் நாடற்றவர்கள், அவர்கள் நோயும் தோட்டத்தின் சொந்த விஷயம். 1970களின் நடுவில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், அதற்கு முந்திய பஞ்ச வருஷங்களில் தோட்டங்களில் குழந்தைகள் கொத்தாக இறந்தபோதும்தான் அரசின் பார்வை உள்ளே திரும்பத் தொடங்கியது. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பெடுக்கும் வேலை 1990களில் தொடங்கி இன்னும் அரைகுறையாக நிற்கிறது. பிள்ளைக்காம்பராக்கள் மட்டும் நிறைய மாறியிருக்கின்றன. இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு, பயிற்சி எடுத்த உத்தியோகத்தர், சுவரில் படங்கள். அது உண்மையான முன்னேற்றம்தான், குறை சொல்ல மாட்டேன்.

அப்படியானால் அம்மாவின் பாய் எங்கிருந்து வந்தது? பட்டர்சீ தாய்மாரைப் போல நம்ம தாய்மார் சங்கம் கட்டி வாங்கியதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. என் ஊகம் இது: நம்ம அரச வாட்டுகளில் ஒரு மிஸ்ஸிக்கு ஏகப்பட்ட பிள்ளைகள். பிள்ளையைக் கழுவ, சோறு ஊட்ட, பேசினை ஏந்த, சேலைன் ஏறும் கையை ஆட்டாமல் பிடிக்க ஆள் வேண்டும். தாய் உள்ளே வந்தது உரிமையாக இல்லை, சம்பளமில்லாத ஒரு வேலைக்காரியாக. அதனால்தான் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது "அம்மாலா எளியட்ட" என்று எல்லாத் தாய்மாரையும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க பிள்ளையைப் பார்த்தவள், எத்தனை மணிக்குக் காய்ச்சல் ஏறியது, எத்தனை தடவை வாந்தி எடுத்தான் என்று தெரிந்த ஒரே ஆள், கொரிடோரில் நிற்கிறாள். உள்ளே அவள் பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஆள் பற்றாக்குறையால் தாயை உள்ளே எடுப்பது கேவலம் என்று சொல்ல வரவில்லை. உலகத்தில் இந்த விஷயத்தில் நடந்த பெரிய மாற்றங்களே பற்றாக்குறையில் பிறந்தவைதான். 1978இல் கொலம்பியாவின் பொகொட்டாவில் எட்கார் ரே என்ற டாக்டருக்கு இன்குபேட்டர் போதவில்லை, ஒரே பெட்டியில் பல குழந்தைகள், தொற்று. குறைமாதக் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் கட்டி வைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று இன்று எல்லோரும் சொல்வது அதுதான். அடுத்த வருஷம் எஸ்தோனியாவின் தாலினில் அடிக் லெவின் என்ற டாக்டருக்குத் தாதியர் போதவில்லை. நோயுற்ற பச்சைக் குழந்தைகளின் பராமரிப்பை 24 மணி நேரமும் தாய்மாரிடமே ஒப்படைத்தார். வித்தியாசம் என்னவென்றால், இந்த இடங்களில் தாய்க்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஏன் செய்கிறோம், எதைக் கவனிக்க வேண்டும், எப்போது கூப்பிட வேண்டும் என்று உட்கார வைத்துச் சொன்னார்கள்.

நமக்குக் கிட்டவும் உதாரணம் இருக்கிறது. புது டில்லியில் ராம் மனோகர் லோகியா அரச ஆஸ்பத்திரியில் குழந்தைப் பிரிவுக்குள் தாய் தகப்பன் இருவரையும் எடுத்து, கை கழுவுவது முதல் ஆபத்து அறிகுறிகளை அடையாளம் காண்பது வரை முறையாகப் பயிற்சி கொடுத்தார்கள். 2017இல் இந்திய சுகாதார அமைச்சு அதை நாடு முழுவதற்குமான வழிகாட்டலாகவே வெளியிட்டது. 2021இல் இன்னும் பெரிய ஒரு ஆய்வு வந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில், எடை மிகக் குறைந்த 3,200 மட்டில் குழந்தைகள். பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்த குழந்தைகளில், முதல் 28 நாளில் இறப்பு 25 வீதம் குறைவு. அதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். கட்டிலுக்குக் கீழே பாய் இல்லை, கட்டில்! முடிவு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முந்தியே நிறுத்திவிட்டார்கள், மற்றக் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது சரியில்லை என்று.

குடும்பம் சிகிச்சையில் பங்காளி என்று இப்போது சொல்கிறார்கள். நம்ம லயத்தில் பங்காளி என்றாலே முதலில் ஞாபகம் வருவது சண்டை, எல்லையோரத்து மரக்கறித் தோட்டம் யாருக்கு என்ற சண்டை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருப்பது பங்கு. பங்கு இருக்கிறவனிடம் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது என்பதால்தானே சண்டையே வருகிறது. அந்தக் கணக்கில் என் அம்மா அந்த வாட்டில் பங்காளியாக இருக்கவில்லை.

எனக்குப் படுவது, ஊவாவின் தோட்டங்களைப் பொறுத்தவரை அந்தப் பங்கு இரண்டு இடத்தில் அடிபடுகிறது. ஒன்று மொழி. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1999இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. ஆகவே சட்டப்படி இது சலுகை இல்லை. ஆனால் வர்த்தமானி வாட்டுக்குள் வருவதில்லை. அங்கே மொழிபெயர்ப்பவர் பக்கத்துக் கட்டில் சிங்களத் தாய், இல்லையென்றால் துப்புரவு வேலை செய்கிற தமிழ் அக்கா, இல்லையென்றால் பதினொரு வயசுப் பையன். அந்த வாட்டில் பக்கத்துக் கட்டில் அம்மா எங்களுக்கு எவ்வளவோ உதவினார், தனக்கு வந்த சோற்றுப் பார்சலில் பாதியைத் தந்தார். அவருக்கும் ரவுண்ட்ஸில் என்ன பேசினார்கள் என்று தெரியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிங்களம் தெரிந்தவரையும் வெளியேதானே அனுப்பினார்கள்.

மற்றது பேர். தோட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களிடம் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. 2024இல் நாள் சம்பளம் 1,350 ரூபாயானது. அந்தச் சம்பளத்தில் ஒரு தாய் ஆறு நாள் பிள்ளையோடு நின்றால் 8,100 ரூபாய் போகும். அதற்கு மேல் பஸ் காசு, சோற்றுப் பார்சல், வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்கிற ஆளுக்குக் கொடுக்கிறது. இலவச மருத்துவம் என்று நாம் பெருமைப்படுகிறோம், அது பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் தோட்டத்துத் தாய் பிள்ளை பக்கத்தில் இருப்பதற்குத் தினம் ஒரு பேரைக் கட்டுகிறாள். அதனால்தான் பாதி சுகத்தில் "துண்டு வெட்டித் தாங்க மிஸ்ஸி" என்று கெஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுப்பில்லாத தாய் என்று சொல்கிறவர்களையும் நான் கேட்டிருக்கிறேன்.

பட்டர்சீ தாய்மார் கேட்டது கதவைத் திற என்பது. நம்ம கதவு ஏற்கனவே திறந்துதான் இருக்கிறது. அதனால் இங்கே எதைக் கேட்க வேண்டும் என்பதே தெளிவில்லாமல் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். ரவுண்ட்ஸ் நேரத்தில் தாயைக் கட்டில் பக்கத்திலேயே நிற்க விடுவதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. வெறும் வயிறு, மாத்திரை நேரம், ஆபத்து அறிகுறி என்று பத்து விஷயத்தைத் தமிழில் அச்சடித்துக் கட்டிலில் தொங்கவிடுவதற்கு எத்தனை ரூபாய் ஆகும்? ஆஸ்பத்திரியின் கடிதத்தைக் காட்டினால் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த நாட்களுக்கு அரைப் பேராவது போடுவது தொழிற்சங்கங்கள் கேட்கக்கூடிய ஒன்று. மேடைகளில் சம்பளத் தொகையைத் தவிர வேறொன்றையும் அதிகம் பேசாத சங்கங்கள் இதைப் பேசுமா என்பது வேறு கேள்வி. அப்பாமாரையும் சொல்ல வேண்டும். தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறக்கியவர் அப்பா. வாட்டு வாசலில் அவரை நிறுத்திவிட்டார்கள், பெண்கள் தங்குகிற இடம் என்று. அது நியாயமான காரணம்தான். ஆனால் டாக்டரோடு பேசுவதற்கு அவர் அங்கே தங்கத் தேவையில்லையே.

வீட்டில் தம்பியின் கிளினிக் புத்தகம் இன்னும் இருக்கிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு சேர்த்து அம்மா ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருக்கிறார். ஊசி போட்ட திகதி, நிறை, வளைந்து ஏறும் கோடு. அந்தக் கோடு ஒரு இடத்தில் கீழே இறங்கியிருக்கிறது. "அது ஆஸ்பத்திரியில இருந்த மாசம்" என்று அம்மா விரலை வைத்துக் காட்டினார். அந்த வரைபடத்தை அம்மாவால் வாசிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மிட்வைஃப் மிஸ் சொல்லிக் கொடுத்தாராம், ஒரு மத்தியானம் லயத்து வாசலில் உட்கார்ந்து.

போன மாதம் சித்தியின் மகளை ஒரு வாட்டில் வைத்திருந்தார்கள். மூச்சுத் திணறல். நான் கெம்பஸில், லெக்சர் முடிந்து கன்டீனில் இருக்கும்போது சித்தியின் ஃபோன். "டொக்டர் வந்து நிக்கிறாரு, ஸ்பீக்கர்ல போடுறேன், கேட்டு சொல்லு." பின்னால் யாரோ ஃபோனை வைக்கச் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு இளம் பெண் குரல் சிங்களத்தில், "மல்லி, நான் சொல்கிறதை ஒவ்வொன்றாக அம்மாவிடம் சொல்லுங்கள். அவங்க கேள்வி கேட்டா அதையும் எனக்குச் சொல்லுங்கள்" என்றது. சித்தி ஏழு கேள்வி கேட்டார். டீ ஆறிப்போயிருந்தது.